எந்தப் பிரதியைப் பார்த்தீர்கள்?

வாசகர் கேள்வி - பதில்: பழைய ஹாலிவுட் படங்களும் வீட்டுத்திரையும்

பழைய ஆங்கிலப் படங்களின் டிவிடி, ப்ளூரே பதிப்புகளைப் பற்றி மும்பை வாசகர்கள் எழுதிய கடிதங்களிலிருந்து, பலருக்கும் பொதுவான ஐயங்களைத் தேர்ந்தெடுத்து இம்முறை பதில் எழுதியிருக்கிறேன். படத்தைப் பற்றிய கருத்தும் அந்தப் படம் பதிந்திருக்கும் வட்டைப் பற்றிய கருத்தும் வேறு வேறு என்பது ஏறக்குறைய எல்லாக் கடிதங்களுக்கும் பொருந்துவதால், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செம்பூரிலிருந்து ஒரு வாசகர்: 'ஷரேட்' படத்தை வாங்க எண்ணி, ஏற்கெனவே வாங்கியவர்களின் கருத்துகளைப் படித்தேன். ஒருவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்து, அவ்வளவு தெளிவான படம் என்று புகழ்கிறார். அடுத்தவர் ஒரே நட்சத்திரத்தோடு, நடிகர்களின் முகமே தெரியவில்லை என்கிறார். யாரை நம்புவது?

இருவரையும் நம்பலாம். அவர்கள் பார்த்தது ஒரே படம்தான், ஆனால் பிரதிகள் வேறு. ஸ்டான்லி டோனன் இயக்கி, கேரி கிராண்டும் ஆட்ரி ஹெப்பர்னும் நடித்து 1963இல் வெளியான அந்தப் படத்தில், அன்றைய அமெரிக்கச் சட்டம் கேட்ட முறையில் காப்புரிமை அறிவிப்பு அச்சிடப்படவில்லை. அந்த ஒரு விடுபடலால் படம் வெளியான நாளிலிருந்தே அமெரிக்காவில் பொதுச்சொத்து ஆகிவிட்டது. தேய்ந்துபோன ஒரு திரையரங்குப் பிரிண்டோ, அதைவிடச் சிறிய 16 மில்லிமீட்டர் பிரிண்டோ கையில் கிடைத்த எவரும் அதை வீடியோவாக்கி விற்கலாம் என்றானதால், மலிவு விலையில் எண்ணற்ற பதிப்புகள் வந்து குவிந்தன. நல்ல மூலப் படச்சுருளிலிருந்து எடுத்த பதிப்புகளும் இருக்கின்றன. இவை எல்லாவற்றின் அட்டையிலும் அதே இரண்டு நடிகர்களின் முகங்கள்தாம் இருக்கும். 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' (1946) படத்தின் காப்புரிமையும் 1974இல் புதுப்பிக்கப்படாமல் போனதால், அதற்கும் ஏறத்தாழ இதே கதி நேர்ந்தது.

இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்றும் உண்டு. விற்பனைத் தளங்கள் பல வேளைகளில் ஒரு படத்தின் டிவிடிக்கு எழுதப்பட்ட கருத்தையும் ப்ளூரேக்கு எழுதப்பட்டதையும், ஏன், பழைய கேசட்டுக்கு எழுதப்பட்டதையும்கூட ஒரே பக்கத்தில் சேர்த்துவிடுகின்றன. எனவே நட்சத்திரங்களை எண்ணாமல், எந்த நிறுவனத்தின் பதிப்பு, எந்த ஆண்டில் வந்தது என்று குறிப்பிட்டு எழுதியிருப்பவர்களின் கருத்துகளை மட்டும் படியுங்கள். அப்படிப்பட்டவை சிலவே இருக்கும்; அந்தச் சில போதும். 'அருமையான படம், குடும்பத்தோடு பார்க்கலாம்' என்ற வகைக் கருத்து கேரி கிராண்டைப் பற்றியது. நீங்கள் வாங்கப்போகும் வட்டைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

டோம்பிவிலியிலிருந்து ஒரு வாசகி: புதிய டிவியில் பழைய படத்தின் ப்ளூரேயைப் போட்டால், சுவரிலும் வானத்திலும் மணல் தூவியதுபோலப் புள்ளிகள் நெளிகின்றன. வட்டு பழுதா, டிவி பழுதா? இதே குறையைச் சொல்லி வேறு பலரும் கருத்து எழுதியிருக்கிறார்கள்.

இரண்டும் பழுதில்லை. நீங்கள் பார்ப்பது படச்சுருளின் துகள், வழக்கில் கிரெயின் என்கிறோமே, அது. படச்சுருளின் மேல் பூசப்பட்ட வெள்ளி உப்பின் நுண்துகள்களில் ஒளி பட்டுத்தான் படம் உருவாகிறது. முகமும் மேகமும் அந்தத் துகள்களால்தான் ஆனவை. ஒவ்வொரு சட்டகத்திலும் (ஃபிரேமிலும்) அவை வேறு வேறு இடத்தில் அமைவதால், நொடிக்கு 24 சட்டகம் ஓடும்போது நெளிவதுபோல் தெரிகிறது. கைத்தறித் துணியைத் தொட்டால் இழை விரலில் படுவதுபோலத்தான் இதுவும். பழைய கேசட்டிலும் டிவிடியிலும் இவ்வளவு நுட்பம் பதியாததால் நம்மில் பலர் இதைப் பார்த்ததே இல்லை.

இதை அழுக்கு என்று கருதிக் கணினியால் துடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன. 1970இல் வெளியான 'பேட்டன்' படத்தின் முதல் ப்ளூரே 2008இல் வந்தபோது, துகளை நீக்கும் வேகத்தில் தோலின் வரிகளும் சீருடைத் துணியின் நெசவும் சேர்ந்து மறைந்து, மனிதர்கள் மெழுகுப் பொம்மைகளைப்போல் காட்சியளித்தார்கள். 2010இல் வந்த 'ஸ்பார்ட்டகஸ்' ப்ளூரேயும் அதே பிழையைச் செய்தது. போதாததற்கு உருவங்களின் ஓரங்களில் செயற்கையான கூர்மையும் ஏற்றப்பட்டிருந்தது. 'மை ஃபேர் லேடி'யின் 2011 ப்ளூரேயும் பார்த்தவர்களை ஏமாற்றியது. விவரம் அறிந்த பார்வையாளர்கள் இந்த மூன்றையும் சட்டகம் சட்டகமாக ஒப்பிட்டுக் குறைகளை எழுதினார்கள். 'பேட்டன்' 2012இலும் மற்ற இரண்டும் 2015இலும் புதிய பதிப்புகளாக, துகளோடும் நுட்பத்தோடும் திரும்பி வந்தன. 'ஸ்பார்ட்டகஸ்' சாதாரண 35 மில்லிமீட்டரைவிடப் பெரிய சட்டகத்தில் எடுக்கப்பட்ட படம் என்பதால், புதிய பதிப்பில் படை அணிவகுக்கும் காட்சியில் தொலைவில் நிற்கும் வீரர்களைக்கூடத் தனித்தனியாகப் பார்க்க முடிகிறது. ஒரு பார்வையாளர் கருத்து எழுதுவதால் என்ன மாறிவிடும் என்று கேட்பவர்களுக்கு நான் இந்த மூன்று படங்களைத்தான் காட்டுவேன்.

ஆனால் துகள் தெரிகிறது என்பதற்காகவே ஒரு நல்ல பதிப்புக்குக் குறைந்த மதிப்பெண் கொடுப்பவர்களின் கருத்தும் நிறுவனங்களின் காதில் விழத்தான் செய்கிறது என்பது எனக்குக் கவலை தருகிறது. அதனால் நீங்கள் கருத்து எழுதும் முன் டிவியின் அமைப்புகளைச் சரிபாருங்கள். கூர்மை அளவைக் குறையுங்கள். புள்ளிகளைத் துடைக்கும் இரைச்சல் நீக்கத்தையும் (நாய்ஸ் ரிடக்ஷன்), அசைவை வழவழப்பாக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். கடைக்காரர் பளிச்சென்று காட்டுவதற்காக வைத்த அமைப்பிலேயே பல வீடுகளில் டிவி ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது.

தாராவியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: 'பென்ஹர்' போட்டால் மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை வருகிறது. பாதிப் படத்தை வெட்டிவிட்டார்கள் என்கிறார் அப்பா. உண்மையா?

அப்பாவிடம் சொல்லுங்கள்: பட்டை இருப்பதால்தான் முழுப் படமும் கிடைக்கிறது. 1953இல் சினிமாஸ்கோப் என்ற அகலத்திரை முறை வரும் வரை ஹாலிவுட் படங்கள் ஏறக்குறைய பழைய பெட்டி டிவியின் வடிவில்தான் இருந்தன. அகலம், உயரத்தைப்போல் 1.37 மடங்கு. டிவிக்குப் போட்டியாகத் திரையரங்குகள் திரையை அகலப்படுத்தின. நம் 'ராஜராஜ சோழன்' 1973இல் தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாக வந்தபோது இங்கே ஏற்பட்ட வியப்பை அப்பா தலைமுறையினர் அறிவார்கள். வில்லியம் வைலரின் 'பென்ஹர்' (1959) இன்னும் அகலமானது, உயரத்தைப்போல் 2.76 மடங்கு. அதை இன்றைய டிவியில் முழுதாகக் காட்ட வேண்டுமானால் திரையின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கறுப்பாகத்தான் இருக்கும்.

உண்மையில் வெட்டியது பட்டையே இல்லாத பழைய கேசட்தான். பெட்டி டிவியை நிரப்புவதற்காக அகலப் படத்தின் ஒரு துண்டை மட்டும் எடுத்துக் காட்டினார்கள். 'பென்ஹர்' படத்தை அப்படி நிரப்பினால் பாதிக்கும் குறைவான படமே மிஞ்சும். தேரோட்டப் போட்டியில் நாயகன் யூதாவின் வெள்ளைக் குதிரைகளும் எதிரி மெஸ்ஸாலாவின் கறுப்புக் குதிரைகளும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு ஓடுவதுதானே காட்சியின் உயிர்? வெட்டிய பிரதியில் ஒரு தேரைக் காட்டும்போது மற்றது காணாமல் போய்விடும். மாறாக 'காஸபிளாங்கா' போன்ற 1940களின் படங்களில் பட்டை இடமும் வலமும் வரும். அதையும் அப்படியே விடுங்கள். ரிமோட்டில் 'ஜூம்' போட்டால் நெற்றியும் மோவாயும் போய்விடும்.

மாட்டுங்காவிலிருந்து ஒரு மூத்த வாசகர்: மெட்ரோவிலும் ஈராஸிலும் ரீகலிலும் இந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். இப்போது மகன் வாங்கித் தரும் வட்டுகளில் வண்ணம் என் நினைவில் உள்ளதுபோல் இல்லை. என் நினைவு தவறா, வட்டு தவறா?

எனக்கு வந்தவற்றில் மிகவும் மதித்துப் படித்த கடிதம் உங்களுடையது. 1938இல் எம்ஜிஎம் நிறுவனமே கட்டிய மெட்ரோவில் அந்நிறுவனத்தின் படங்களைப் பார்த்த கண்களின் சாட்சியம் எளிதில் ஒதுக்கிவிடக்கூடியதன்று.

அக்காலத்து டெக்னிகலர் கேமரா, ஒளியைப் பிரித்து மூன்று தனித்தனிக் கறுப்புவெள்ளை நெகட்டிவ்களில் பதித்தது. திரையரங்குக்கு வரும் பிரிண்டில் மூன்று சாயங்கள், துணிக்கு அச்சுப் பதிப்பதுபோல், ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றப்பட்டன. அந்தச் சாயம் எளிதில் மங்காது. நீங்கள் நினைவில் வைத்திருக்கும் ஆழ்ந்த சிவப்பும் பச்சையும் பெரும்பாலும் அப்படிப்பட்ட பிரிண்டிலிருந்து வந்தவையாக இருக்க வேண்டும். 1950இல் அறிமுகமான ஈஸ்ட்மன் கலரோ ஒரே சுருளில் எல்லா வண்ணத்தையும் பதித்துச் செலவைக் குறைத்தது; ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல மற்ற சாயங்கள் மங்கி, படம் முழுவதும் செம்மை படர்ந்துவிடும். நம் பழைய வண்ணப் படங்கள் பலவற்றைத் தொலைக்காட்சியில் அந்த நிறத்தில்தானே பார்த்தோம்? இப்படி மங்கிய மூலத்திலிருந்து எடுத்த வட்டு என்றால், தவறு வட்டில்தான். உங்கள் நினைவில் இல்லை.

சில படங்களுக்கு மூலமே மிஞ்சவில்லை. 1978இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரத்தில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் ஹவுஸ் காப்பகத்தில் ஏற்பட்ட தீயில் முந்நூறுக்கும் மேற்பட்ட படங்களின் மூல நெகட்டிவ்கள் எரிந்துபோயின. 'சிங்கிங் இன் தி ரெயின்' (1952) அவற்றுள் ஒன்று. எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் சுருளே 1950களின் தொடக்கம் வரை புழக்கத்தில் இருந்தது என்பதை நினைத்தால், இவ்வளவாவது மிஞ்சியதே பெரிது என்று தோன்றுகிறது. 'சிட்டிசன் கேன்' (1941) படத்தின் மூல நெகட்டிவும் தீயில் போனதுதான். இன்று நாம் காண்பவை எஞ்சிய படிகளிலிருந்து மீட்டவை.

வட்டு, திரையரங்குப் பிரிண்டைவிட அதிகம் காட்டிவிடும் வேளைகளும் உண்டு. 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' (1953) படத்தில் செவ்வாய்க் கோளின் பறக்கும் எந்திரங்களைத் தாங்கிய கம்பிகள் அன்றைய பிரிண்டின் மென்மையில் மறைந்திருந்தன. பிற்காலத்து வீடியோ பதிப்புகளில் அவை அப்பட்டமாகத் தெரிந்து, புதிய தலைமுறைப் பார்வையாளர்கள் 'மலிவான தந்திரக்காட்சி' என்று எழுதினார்கள். அண்மைய மீட்டெடுப்பில் அந்தக் கம்பிகளை நீக்கியிருக்கிறார்கள். இதை ஏமாற்று என்று சிலர் எதிர்க்கிறார்கள். 1953இல் அரங்கில் உட்கார்ந்தவருக்குத் தெரியாத கம்பி இன்று உங்களுக்கும் தெரிய வேண்டியதில்லை என்பது என் முடிவு.

ஒலியில் நான் அவ்வளவு தாராளமாக இல்லை. ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ'வை 1996இல் ராபர்ட் ஹாரிஸும் ஜேம்ஸ் காட்ஸும் மீட்டெடுத்தது போற்றத்தக்க பணி. வண்ணம் மங்கிக்கொண்டிருந்த படத்தைக் காப்பாற்றியவர்கள் அவர்கள். ஆனால் காலடி, துப்பாக்கிச் சத்தம் போன்றவற்றைப் புதிதாகப் பதிந்து சேர்த்தது பலருக்கு உறுத்தியது, எனக்கும்தான். பின்வந்த பதிப்புகளில் பழைய மோனோ (ஒற்றைத் தட) ஒலியையும் சேர்த்துத் தந்தார்கள். அத்தகைய பதிப்பு உங்கள் கையில் இருந்தால் ஒலிப் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்துக் கேளுங்கள்.

சயானிலிருந்து ஒரு வாசகி: கறுப்புவெள்ளைப் படங்களுக்கு வண்ணமூட்டிய பதிப்புகளை வாங்கலாமா? குழந்தைகள் கறுப்புவெள்ளை என்றாலே எழுந்து போய்விடுகிறார்கள்.

வாங்க வேண்டாம். 1980களில் அமெரிக்கத் தொலைக்காட்சி அதிபர் டெட் டர்னரின் நிறுவனம் 'காஸபிளாங்கா'வுக்கே வண்ணம் பூசியது. ஆனால் 'சிட்டிசன் கேன்' படத்தை அவர்களால் தொட முடியவில்லை. அதன் இயக்குநர் ஆர்சன் வெல்ஸ் செய்துகொண்ட ஒப்பந்தம் அதைக் காத்தது. கறுப்புவெள்ளைக்கென்றே ஒளி அமைத்துப் பிடித்த முகத்தின் மேல் வண்ணத்தைப் பூசினால் நிழல் எல்லாம் சேறாகிவிடுகிறது. இங்கே 2004இல் வண்ணமூட்டி வந்த 'முகல்-ஏ-ஆஸம்' பலரைத் திரையரங்குக்கு அழைத்து வந்தது என்பதை மறுக்கமாட்டேன். ஆனாலும் 2012இல் 'கர்ணன்' படத்துக்குச் செய்ததுபோல் உள்ளதைத் தூய்மைப்படுத்தித் தருவதே முறை. குழந்தைகளுக்குச் சாப்ளினையும் பஸ்டர் கீட்டனையும் முதலில் போட்டுக் காட்டுங்கள்.

முலுண்டிலிருந்து ஒரு வாசகர்: அமெரிக்காவிலிருந்து மகள் கொண்டுவந்த வட்டுகள் இங்கே ஓடவில்லை.

உலகை மண்டலங்களாகப் பிரித்து, ஒரு மண்டலத்து வட்டு வேறு மண்டலத்துப் பிளேயரில் ஓடாதபடி பூட்டியிருக்கிறார்கள். டிவிடியில் அமெரிக்கா 1ஆம் மண்டலம், இந்தியா 5ஆம் மண்டலம். ப்ளூரேயில் அவர்கள் ஏ, நாம் சி. மண்டலப் பூட்டு இல்லாமல் வரும் வட்டுகளும் உண்டு என்பதால் பின்னட்டையைப் பாருங்கள். ப்ளூரேயைவிட நுட்பமான 4கே யுஎச்டி வட்டுகளுக்கு மண்டலப் பூட்டே கிடையாது. எல்லா மண்டலமும் ஓடும் பிளேயர் வேண்டுமானால் லாமிங்டன் ரோடு கடைகளில் விசாரித்து, உங்கள் வட்டையே கொண்டுபோய் ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். இன்னொரு செய்தி: 'பால்' (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் பதிந்த டிவிடியில் படம் நொடிக்கு 25 சட்டகமாக ஓடுவதால் இரண்டு மணி நேரப் படம் ஏறக்குறைய ஐந்து நிமிடம் முன்னதாக முடியும், குரலும் சற்றுக் கீச்சென்று கேட்கும். 'காட்சியை வெட்டிவிட்டார்கள்' என்று சிலர் கருத்து எழுதுவதற்கு இதுவே காரணம்.

நவி மும்பையிலிருந்து ஒரு வாசகர்: ஓடிடியில் கிடைக்கும்போது வட்டு எதற்கு? கடைகளே மூடிவிட்டனவே!

காலா கோடாவின் ரிதம் ஹவுஸ் 2016இல் மூடியபோது, வட்டைக் கையில் எடுத்துப் பின்னட்டையைப் படித்து வாங்கும் வசதி இந்நகரில் பெரும்பாலும் முடிந்துவிட்டது என்பது உண்மைதான். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் வட்டின் விலையோடு அஞ்சல் செலவும் சுங்க வரியும் சேரும். எனவே ஒரு முறை பார்த்து மகிழ ஓடிடி போதும். மீண்டும் மீண்டும் பார்க்கும் படம் என்றால் வட்டை வாங்குங்கள். ப்ளூரே, காட்சிக்கு மட்டும் நொடிக்கு 40 மெகாபிட் வரை தரவு கொடுக்க வல்லது. ஓடிடி பொதுவாக அதைவிட மிகக் குறைவாகவே தரும். 'காஸபிளாங்கா'வின் விமான நிலையக் காட்சியில் அந்த வேறுபாடு தெரியும்: இணைய வேகம் குறைந்தால் மூடுபனி கட்டம் கட்டமாக உடைந்துவிடுகிறது. அதோடு, ஓடிடியில் ஓடுவது எந்த ஆண்டின் பதிப்பு என்று பெரும்பாலும் குறிப்பிடுவதே இல்லை. போன மாதம் இருந்த படம் இந்த மாதம் இல்லாமல் போவதும் நடக்கிறது.

அந்தேரியிலிருந்து ஒரு வாசகி: பழைய நடிகர்களின் வேகமான ஆங்கிலம் புரிவதில்லை. தமிழ் வசனவரி உள்ள வட்டுகள் உண்டா?

பழைய ஹாலிவுட் படங்களில் அது அரிது. செவித்திறன் குறைந்தோருக்கான ஆங்கில வசனவரி பெரும்பாலான நல்ல பதிப்புகளில் இருக்கிறது. யார் பேசுகிறார், என்ன ஓசை கேட்கிறது என்பதையும் அது காட்டும். தயங்காமல் போட்டுக்கொள்ளுங்கள்.

காட்கோபரிலிருந்து ஒரு வாசகர்: நானும் என் கருத்தை எழுத விரும்புகிறேன். பிறருக்குப் பயன்பட என்னென்ன எழுத வேண்டும்?

நிறுவனம், பதிப்பின் ஆண்டு, வட்டின் வகை, உங்கள் திரையின் அளவு ஆகியவற்றை முதல் வரியிலேயே எழுதுங்கள். பிறகு குறையை நிமிடக் கணக்கோடு எழுதுங்கள். 2021இல் கிரைட்டீரியன் நிறுவனம் 'சிட்டிசன் கேன்' தொகுப்பை வெளியிட்டபோது, ப்ளூரே வட்டில் ஏறக்குறைய 30 நிமிடத்துக்குப் பின் படம் வெளிறிப்போவதை வாங்கியவர்கள் கவனித்துச் சொன்னார்கள்; நிறுவனமும் பிழையை ஏற்றுக்கொண்டு மாற்று வட்டு அனுப்பியது. 'படம் நன்றாக இல்லை' என்று மட்டும் எழுதியிருந்தால் அது கதையைப் பற்றிய கருத்தாகத்தான் போயிருக்கும். பெட்டி நசுங்கி வந்ததைக் கடைக்காரருக்கு எழுதுங்கள். படத்தின் மதிப்பெண்ணில் அதைக் கழிக்காதீர்கள்.

வாஷியிலிருந்து ஒரு வாசகி: 'டச் ஆஃப் ஈவில்' வட்டில் மூன்று பதிப்புகள் இருக்கின்றன. எதைப் பார்ப்பது?

ஆர்சன் வெல்ஸ் இயக்கிய இந்தப் படத்தை அவர் கையிலிருந்து வாங்கித் தயாரிப்பு நிறுவனம் தன் விருப்பப்படி வெட்டி 1958இல் வெளியிட்டது. வெளியீட்டுக்கு முன்பே நிறுவனம் வெட்டிய வடிவத்தைப் பார்த்துவிட்டு அவர் 58 பக்கக் குறிப்பு ஒன்றை எழுதிக்கொடுத்திருந்தார். 1998இல் படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச் அந்தக் குறிப்பைப் பின்பற்றிப் படத்தைத் தொகுத்தார். இவை தவிர, முன்னோட்டத் திரையிடலுக்காகத் தயாரித்த நீண்ட பதிப்பும் பிற்காலத்தில் கண்டெடுக்கப்பட்டது. முதலில் 1998 பதிப்பைப் பாருங்கள். தொடக்கத்தில் வெட்டே இல்லாமல் மூன்று நிமிடத்துக்கு மேல் நீளும் அந்த ஒரே ஷாட்டில், வெடிகுண்டு வைத்த கார் எல்லையை நோக்கி ஊர்ந்து செல்லும்போது, தெருவோரக் கடைகளிலிருந்தும் கார் ரேடியோவிலிருந்தும் கசியும் பாட்டை மட்டும் கேட்பீர்கள். 1958 பதிப்பில் அதே ஷாட்டின் மேல் பெயர்ப் பட்டியல் ஓடும். ஹென்றி மான்சினியின் இசை முழுக்க ஒலிக்கும். அது நல்ல இசை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆயினும் கார் எங்கே இருக்கிறது என்பதைக் காதால் பின்தொடர முடிவது 1998 பதிப்பில்தான்.